தோற்றவனுக்குப் பொய் சொல்லாத படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகளை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டிக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிக்ஸார் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட, டான் ஸ்கேன்லன் இயக்கிய ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’ படத்தைச் சிறுவர்களுக்கான கார்ட்டூன் என்று ஒதுக்காமல், கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

குழந்தைகளின் அலறலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பூதங்களின் உலகில், பயமுறுத்துவதே உயர்ந்த தொழில். அதைக் கற்க வரும் மைக், பாடப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவன்; ஆனால் உருவத்தைக் கண்டு எவரும் அஞ்சாத குள்ளன். சல்லிவனோ அத்தொழிலில் பேர்பெற்ற குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் மைக்கிடம் பென்சில் இரவல் வாங்கி, அதனால் பல் குத்திக்கொண்டிருப்பவன். இருவரும் மோதிக்கொண்டதில் முதல்வரின் சாதனைச் சின்னம் உடைய, இருவருமே அந்தப் படிப்பிலிருந்து நீக்கப்படுகிறார்கள். மீண்டும் இடம்பிடிக்கும் ஒரே வழியான பயமுறுத்தும் போட்டிக்காக, வேறு எவரும் சீந்தாத மாணவர்களோடு ஒரே அணியில் சேர வேண்டிய கட்டாயம் அவர்களை இணைக்கிறது.

இறுதிச் சுற்றில் மைக் தோற்றுவிடுவானோ என்று அஞ்சிய சல்லிவன், அவனுக்குத் தெரியாமல் சோதனைக் கருவியை எளிதாக்கி வைத்துவிடுகிறான். அணி வெல்கிறது, உண்மை தெரிந்ததும் மைக் நொறுங்கிப்போகிறான். தன்மீது நம்பிக்கை இல்லாமல் செய்யப்பட்ட உதவி, பகைவன் செய்யும் அவமதிப்பைக் காட்டிலும் ஆழமாகத் தைக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கல்லூரிப் படத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளைக்காகப் பின்வாசல் தேடும் பெற்றோர் இக்காட்சியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதன்பின் ஏரிக்கரையில் மைக்கின் அருகே அமர்ந்து, குடும்பப் பெயரைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற தன் பயத்தைச் சல்லிவன் முதன்முறையாக ஒப்புக்கொள்ளும்போதுதான் அவர்களது நட்பு உண்மையில் தொடங்குகிறது.

உழைத்தால் நினைத்தது நடந்தே தீரும் என்று இப்படம் பொய் சொல்வதில்லை. தன் திறமையை நிரூபிக்க விதியை மீறி மனித உலகுக்குள் நுழையும் மைக்கைக் கண்டு அங்குள்ள குழந்தைகள் பயப்படுவதே இல்லை. அந்த விதிமீறலுக்காக, அவனைத் தேடிச் சென்ற சல்லிவனும் அவனும் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். பட்டமின்றி, பயமுறுத்தும் தொழிலை நடத்தும் நிறுவனத்தின் அஞ்சல் பிரிவில் கடைநிலை ஊழியர்களாகச் சேர்ந்து, துப்புரவுப் பணி, உணவகம் எனப் படிப்படியாக மேலேறுகிறார்கள். கடைசியிலும் மைக் தான் கனவு கண்ட வேலையைச் செய்வதில்லை. சல்லிவனின் துணையாளனாக, தான் கற்றவற்றையெல்லாம் அங்கே பயன்படுத்துகிறான்.

முதலிடம் பெற்றவர்களின் புகைப்படங்களை ஆண்டுதோறும் வெளியிடும் தங்கள் நாளிதழ், விரும்பிய படிப்பு கிடைக்காமல் வேறு வழியில் முன்னேறியவர்களின் அனுபவங்களையும், அவர்களுக்குத் துணைநின்ற நண்பர்களைப் பற்றியும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.