துத்தநாக மாத்திரை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் மாத்திரைப் புட்டியின் படத்தையும் நேற்றிரவு பலமுறை பார்த்தேன். துத்தநாகம் 58 மைக்ரோகிராம் என்றும், குறைந்தது 70 இருக்க வேண்டும் என்றும் அச்சாகியிருந்ததைக் கண்டு பயந்து, யாரையும் கேட்காமல் மாத்திரையைத் தொடங்கிவிட்டாய். சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் வந்தபின் ஒரே ஆண்டில் மூன்று முறை காய்ச்சலில் படுத்தவள் நீ. உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், உன் சிறுநீரக மருத்துவரிடம் காட்டும்வரை அந்த மாத்திரையை நிறுத்திவை என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் 30 ஆண்டுகள் இரத்த மாதிரிக் குழாய்களோடு இருந்தவன் நான். துத்தநாகத்தைப் போல ஆளை ஏமாற்றும் எண்கள் அங்கே மிகச் சில. உடலில் இருக்கும் 2 முதல் 3 கிராம் துத்தநாகத்தில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. இரத்த நீரில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் பெரும்பாலானதை ஆல்புமின் என்ற இரத்தப் புரதம்தான் சுமந்து செல்கிறது. அதே அறிக்கையில் உன் ஆல்புமின் 2.3 என்று இருக்கிறதே, அதைக் கவனித்தாயா? சுமப்பவர்கள் குறைந்தால் சுமையும் குறைவாகத்தானே தெரியும்? சிறுநீரில் வெளியேறும் ஆல்புமினோடு துத்தநாகமும் கொஞ்சம் போய்விடுகிறது என்பதும் உண்மை. உண்மையான குறைவு எவ்வளவு, தோற்றம் எவ்வளவு என்பதை 58 என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

மேலும், நீ இரத்தம் கொடுத்தது காய்ச்சலின் மூன்றாம் நாள். காய்ச்சல் வந்ததும் கல்லீரல் இரத்தத்திலுள்ள துத்தநாகத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. கிருமி புகுந்த இடத்தில் வெள்ளணுக்கள் கால்புரொடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, அங்குள்ள துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு, கிருமிக்கு அது கிடைக்காமல் பட்டினி போடுகின்றன. ஆகவே அந்தச் சரிவில் ஒரு பகுதி உன் உடல் நடத்திய போரே. எண் தவறாகக் கூடிக் காட்டுவதும் உண்டு. ஒருமுறை ஒரு நோயாளிக்குத் துத்தநாகம் சரியான அளவில் இருப்பதாக அறிக்கை எழுதப்போன நேரத்தில், குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் இரத்த நீரான சீரம் லேசான இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுள் இருந்த துத்தநாகம் சீரத்தில் கலந்திருந்தது. மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு தெளிவாகக் குறைவு.

இவ்வளவும் சொல்வதால் துத்தநாகத்தை அற்பமாக நினைத்துவிடாதே. 1961இல் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர், ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு, உணவில் துத்தநாகம் போதாமைதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் முதிர்வதற்கு உதவும் தைமுலின் என்ற ஹார்மோன், துத்தநாகம் சேராவிட்டால் வேலையே செய்யாது என்பது பின்னர் தெரியவந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கோ குறைவு வரப் பல வழிகள்: பசி குன்றுகிறது, புரத உணவைக் குறைக்கச் சொல்கிறார்கள், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகள் துத்தநாகம் குடலில் உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றன. நாக்கில் சுவையே தெரியவில்லை என்று நீ சொன்னாயே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்.

என்னை உண்மையில் கலங்கவைத்தது அந்தப் புட்டிதான். சிங்க் சல்பேட் 220 மில்லிகிராம் என்று அதில் போட்டிருக்கிறது. அதில் துத்தநாகம் மட்டும் 50 மில்லிகிராம். காலையும் மாலையுமாக நீ 100 எடுக்கிறாய். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல், உணவும் மாத்திரையும் சேர்த்து வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பு 40 மில்லிகிராம். அதற்கு மேல் வாரக்கணக்கில் போனால், குடலின் அணுக்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தமக்குள் மிகுதியாக உருவாக்குகின்றன. அது உணவிலுள்ள தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அணுக்கள் உதிரும்போது மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. தாமிரம் குறைந்தால் இரத்தசோகை வரும், கால்கள் மரத்துப்போகும், வெள்ளணுக்களும் குறையும். எதிர்ப்பு ஆற்றல் வேண்டுமென்று தொடங்கிய மாத்திரை, அதையே கரைத்துவிடக் கூடும், அம்மா.

அடிக்கடி காய்ச்சல் வருவதற்கு உன் நோயிலேயே வேறு காரணமும் இருக்கிறது. ஆல்புமினோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமும் சிறுநீரில் போகிறது. அதை எந்தத் துத்தநாகமும் ஈடுசெய்யாது. புரத ஒழுக்கை அடக்குவதும், உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதுமே அதற்கு வழி. உணவைப் பொறுத்தவரை, பருப்பிலும் முழுத் தானியத்திலும் துத்தநாகம் உண்டு என்றாலும் அவற்றிலேயே இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிவைக்கிறது. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தக் கட்டு தளரும். இறைச்சியிலும் முட்டையிலும் இருப்பது எளிதில் சேரும். ஆனால் உனக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு பாஸ்பரஸ் என்பதை உன் உணவியல் நிபுணர் சொல்லட்டும்.

காய்ச்சல் நன்றாக விட்டபின், காலையில் வெறும் வயிற்றில், நுண்தனிமப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் மறுபடி இரத்தம் கொடு. துத்தநாகத்தோடு தாமிரம், ஆல்புமின், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேள். போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் செல். எத்தனை நாள் எடுத்தாய் என்பதை மறைக்காமல் சொல். அவர் சொன்னதை அன்றிரவே எனக்குத் தொலைபேசியில் தெரிவி. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா