இடுப்பு என்றால் எந்த இடம்? மகளுக்கு ஒரு கடிதம்

தேவகோட்டை

அன்பு மகள் உமையாளுக்கு அம்மா எழுதுவது.

சிங்கப்பூரில் உன் பிசியோதெரபி பிரிவுக்கு வரும் தமிழ்ப் பாட்டிகள் "குறுக்கு வலிக்குது" என்கிறார்கள், அது எந்த இடம் என்று கேட்டாய். போனில் நாலு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குறுக்கு என்பது முதுகின் அடிப்பாகம். குனிந்து நாற்று நடுகிறவளுக்கு முதலில் பிடித்துக்கொள்கிற இடம். நம் பக்கத்திலும் மதுரை, நெல்லைப் பக்கத்திலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல். மற்ற ஊர்க்காரர்கள் அதையே இடுப்பு வலி என்று சொல்லிவிடுவார்கள், சிக்கலே அங்கேதான். பாவாடை நாடா அழுந்துகிற இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிற பக்கமும் இடுப்பு, கிழவி வழுக்கி விழுந்து உடைத்துக்கொள்கிற மூட்டும் இடுப்பு. ஆங்கிலத்தில் நாடா அழுந்துகிற இடத்துக்கும் மூட்டுக்கும் முதுகின் அடிப்பாகத்துக்கும் தனித்தனிப் பெயர். இடுப்பு என்றதும் நீ 'ஹிப்' என்று குறித்துவிட்டால் மூட்டைப் படமெடுப்பார்கள், வலியோ முதுகெலும்பில் இருக்கும். மூட்டுத் தேய்ந்தவர்கள் பலர் இடுப்பைக் காட்டவே மாட்டார்கள். அவர்களுக்கு வலிப்பது கவட்டையில், அதாவது தொடையிடுக்கில். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "தொடை வலி" என்பார்கள். கிராமச் செவிலியராக ஊர் ஊராகப் போன காலத்தில் நான் நம்பியது ஒன்றைத்தான்: "எங்கேன்னு கை வச்சுக் காட்டுங்க." ஒருத்தர் உள்ளங்கையை விரித்துத் தடவுவார், இன்னொருத்தர் ஒற்றை விரலால் தொடுவார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு அப்புறம் எழுது.

வயிற்றுப் பிள்ளைக்காரி "இடுப்பு வலி எடுத்திருச்சு" என்றால் கதையே வேறு, அது பிரசவ வலி. "எடுத்திருச்சு" என்பதைக் கவனி. வயிற்றுப் பிள்ளைக்காரி வாயில் அது வெறும் வலி இல்லை. ஒருமுறை வெளிமாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர், மாமியார்க்காரி சொன்ன இடுப்பு வலிக்குத் தைலம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கினாள், பிறகு சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாள், மறுபடி பெஞ்சைப் பிடித்தாள். விட்டு விட்டு வருகிற வலி. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், உடனே எழுந்துவிட்டார். பொழுது விடிவதற்குள் ஆண் குழந்தை.

இடுப்புக்கு மேலே வந்தால் வயிறு. இங்கே இன்னும் நிதானம் வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் மனக்கஷ்டத்தையும் வயிற்றில்தான் வைத்திருக்கிறார்கள். "வயித்துல புளியைக் கரைக்குது" என்றால் பயம். "வயிறெல்லாம் எரியுது" என்று ஒரு பாட்டி சொன்னால் அது புளித்த ஏப்பமாகவும் இருக்கலாம், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு எட்டிப் பார்க்காத மகனாகவும் இருக்கலாம். சாப்பிட்டதற்கு முன்னாலா பின்னாலா என்று கேள், ஓரளவு தெரிந்துவிடும். நெஞ்செலும்பு முடிகிற பள்ளம் நெஞ்சுக்குழி. சர்க்கரை உள்ள வயதான பெண்கள் "நெஞ்சைக் கரிக்குது, வாயு அடைக்குது" என்று அங்கே கை வைத்தால், அன்றைக்கு உடற்பயிற்சியே வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடு. மாரடைப்பு அவர்களுக்கு அப்படியும் வரும். அள்ளை என்றால் விலாப்பக்கம். "அள்ளையில குத்தி கவட்டை வரைக்கும் இழுக்குது" என்றால் சிறுநீரகக் கல்லா என்று பார்க்கச் சொல். "அடிவயிறு இழுக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெண்ணிடம் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசு.

பழைய பாட்டுகளில் இடுப்புக்கு வரும் நுசுப்பு, மருங்குல், கொடியிடை எல்லாம் அழகான சொற்கள்தான். பள்ளிக்கூடத்தில் நீ ஆசையாகப் படித்தாய். ஆனால் அவற்றில் யாருக்கும் வலித்ததில்லை. நோயாளியின் வாயில் வருவது குறுக்கும் அள்ளையும் கவட்டையும்தான், அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கிவிடாதே ஆத்தா. உன் கூட வேலை பார்க்கிற மலையாளிப் பெண்ணுக்கும் சீனப் பெண்ணுக்கும் கற்றுக்கொடு.

கிழவிகளுக்குச் சேலையைத் தளர்த்தும்போது இடுப்பில் சுருக்குப்பை செருகியிருக்கும். அதை மேசையில் வைக்காதே, அவர்கள் கையிலேயே கொடு.

ஆண்களுக்கு அரைஞாண் கயிறு இருக்கும், நாம் அரணாக்கயிறு என்போமே, அதுதான். அரை என்றால் இங்கே இடுப்பு, அதில் கட்டுவது. வெள்ளிக்கொடியாக இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் கழற்றச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுண்டிவிடும். புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பது நம் வழக்கம், வெறும் அரையோடு விடுவது சாவில்தான். முதலில் கூட வந்தவர்களிடம் சொல்லி ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டச் சொல், அப்புறம் வெள்ளியைக் கழற்று. கயிறு இங்கே கடைத்தெருவில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. அடுத்த மாதம் சித்தப்பா அங்கே வரும்போது கொடுத்துவிடுகிறேன், உன் டிராயரில் போட்டு வைத்துக்கொள்.

அன்புடன்
அம்மா