யானைக் கதைக்கு அப்பால் புனலூர்த் தொங்குபாலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாட்டின் பழைய பாலங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, கேரளத்துப் புனலூர்த் தொங்குபாலத்துக்கும் இரண்டு பத்திகளை ஒதுக்கியிருந்தது கண்டு இவ்வூர்த் தமிழர்கள் பலரும் மகிழ்ந்தோம். ஆனால் அவற்றுள் ஒரு பத்தியை யானைக் கதையே எடுத்துக்கொண்டுவிட்டது. பாலத்தின் உறுதியை ஐயுற்ற மக்களுக்கு நம்பிக்கை பிறக்கும்பொருட்டு, ஆறு யானைகளைப் பலகைமேல் நடக்கவிட்டுவிட்டு, பொறியாளர் ஆல்பர்ட் ஹென்றி தம் குடும்பத்தோடு அடியில் தோணியில் இருந்தார் என்னும் அக்கதையைப் புனலூரில் எந்தக் குழந்தையும் சொல்லும். சுவையான கதைதான்; விருந்தாளி வந்தால் நானும் சொல்லாமல் விடுவதில்லை. எனினும் யானைகள் நடந்தனவோ இல்லையோ, பாலம் எதனால் நிற்கிறது என்பதற்கு அதில் விடை கிடையாது.

விடை கரையிலுள்ள கிணறுகளில் இருக்கிறது. திருவிதாங்கூரை ஆண்ட ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1877-இல் கட்டி முடிக்கப்பட்டு 1880-இல் மக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 400 அடி நீளமுள்ளது. இதைத் தாங்குபவை இரண்டு இரும்புச் சங்கிலிகள். அவை கருங்கல் வளைவுகளின்மேல் ஏறி இறங்கி, கரைக்கு இரண்டாக அமைந்த நான்கு கிணறுகளுக்குள் சென்று அங்கே பிணைக்கப்பட்டிருக்கின்றன. நூறடிக்கும் மேல் ஆழம் என்று சொல்லப்படும் அக்கிணறுகளின் பிடிமானமே பாலத்தின் உயிர். பலகைத் தளத்தில் ஏறும் சுமை தொங்குகம்பிகள் வழியாகச் சங்கிலியைச் சேர்ந்து, சங்கிலியின் இழுவிசையாக மாறுகிறது; கீழ்நோக்கிய பாரத்தை வளைவுகள் தாங்க, இழுவிசை இறுதியில் அந்தப் பிணைப்புக்குப் போகிறது. ஆகையால்தான் இரு வளைவுகளுக்கு நடுவே ஆற்றில் ஒரு தூண்கூட எழுப்பாமல், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கலங்கிப் பெருகும் கல்லடையாற்றைக் கடக்க முடிந்தது.

பாலத்தைப் பராமரிப்பதில் கவலைப்பட வேண்டிய இடமும் அதுவே. பலகை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பக மரத்தில் புதுப்பலகை அறுத்துப் போட்டுவிடலாம். கிணற்றின் ஈரத்தில் இரும்பைத் துரு தின்றால் மேலே நடப்பவருக்குத் தெரியாது. பாலம் கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாதலால், வண்ணம் பூசுவதும் விளக்குப் போடுவதும் பிறகாகட்டும், சங்கிலியையும் பிணைப்பையும் குறித்த காலத்தில் ஆய்ந்து, அந்த ஆய்வின் முடிவை ஊராருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

கட்டுரையில் எனக்கு மற்றொரு குறையும் பட்டது. பாலத்தை அது இருக்கும் ஊரிலிருந்து தனியே பெயர்த்து எடுத்து, ஒரு காட்சிப்பொருளாகவே எழுதியிருந்தார்கள். அது கட்டப்பட்ட காலத்தில் மலைக்குக் கிழக்கே இருந்த செங்கோட்டையும் திருவிதாங்கூர்ச் சீமைதான். 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. கொல்லம், செங்கோட்டை இருப்புப்பாதை 1904-இல் வருவதற்கு முன் ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கிய சரக்கெல்லாம் மாட்டுவண்டியில்தான் வந்தது. இன்றும் சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளின் காய்கறி அக்கணவாய் வழியாகவே இங்கு வந்து சேர்கிறது. அச்சன்கோவில் ஐயனின் திருவாபரணங்கள் புனலூரில் பாதுகாக்கப்பட்டு, மார்கழியில் ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி சுற்றி, தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பவும் கேரளத்துக்குள் நுழைந்து கோவிலை அடைகின்றன. இப்படி இரு மாநிலமும் பின்னிக் கிடக்கும் பாதையில்தான் அந்தப் பாலம் நிற்கிறது.

பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்தபின் வண்டிகளெல்லாம் அதில் போகின்றன. தொங்குபாலம் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குச் செல்லும் தமிழ்நாட்டு வேன்கள் பாலத்தலைப்பில் நெருக்கியடித்து நிற்க, இறங்கியவர்கள் பலகையில் பாதிதூரம் நடந்து படம் எடுத்துக்கொண்டு, கிணற்றின் பக்கம் திரும்பியும் பாராமல் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே பார்ப்பார்கள்? வண்டி நிறுத்தத்தைக் கடைத்தெருவுக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டு, அங்கிருந்து ஆற்றங்கரை வழியாக நடந்து வருவதற்கு ஒரு பாதையை நகராட்சி ஒழுங்கு செய்தால், பாலமும் மூச்சுவிடும், கடைக்காரர்களுக்கும் வியாபாரம் நடக்கும்.

கிணற்றுக்குள் சங்கிலி எவ்வாறு இறங்கிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை, மலையாளத்திலும் தமிழிலும் விளக்கத்தோடு, இரு கரைகளிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி தொல்லியல் துறையினர் பெரிதாக வைக்க வேண்டும். அத்தகைய படத்தைத் தங்கள் இதழும் ஓர் ஓவியரைக் கொண்டு வரைவித்து வெளியிடுமானால், யானைக் கதையை அதன் பக்கத்திலேயே போட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

தங்கள் உண்மையுள்ள,
புனலூர் வாசகர் ஒருவர்
கொல்லம் மாவட்டம், கேரளம்