சோதனை எட்டாத இடத்துக்கு ஒரு கணிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையச் சேவைகள் திடீரென முடங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இன்னும் கொஞ்சம் சோதித்துப் பார்த்திருந்தால் போதும் என்ற தொனியில் முடிந்திருந்தது. நிரல் எழுதும் முன்பே ஓர் அமைப்பின் வடிவமைப்பைக் கணிதத்தில் எழுதிச் சோதிக்க உதவும் டி.எல்.ஏ. பிளஸ் (TLA+) போன்ற முறைகளை ஆய்வாளர்களின் கணிதம் என்று ஒரே வரியில் ஒதுக்கியும் இருந்தது. இரண்டுமே சரியல்ல.

மூன்று படிகள் கொண்ட ஒரு வேலையை ஐந்து கணினிகள் ஒரே நேரத்தில் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படிகள் ஒன்றோடொன்று கலந்து நடக்கக்கூடிய வரிசைகள் மட்டும் 16,81,68,000. கோளாறு அவற்றில் ஏதோ சிலவற்றில் மட்டும் இருந்தால், ஆயிரம் முறை சோதித்தாலும் அகப்படாமல் போகலாம்.

1977இல் கணினி அறிஞர் அமீர் புனுவேலி, 'எப்போதும்', 'என்றாவது' போன்ற கூற்றுகளைக் கையாளும் காலத் தருக்கத்தைக் கொண்டு நிரல்களை ஆராயலாம் என்று காட்டினார். ஆனால் ஓர் அமைப்பு முழுவதையும் காலத் தருக்கப் பண்புகளின் பட்டியலாகவே எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. முதலில் வந்தது முதலில் போகும் எளிய வரிசை ஒன்றை அப்படி எழுத முயன்ற சக ஆய்வாளர்கள், எழுதியவை போதுமா என்று நாள்கணக்கில் வாதாடியதைப் பார்த்ததாக, டி.எல்.ஏ. பிளஸை உருவாக்கிய லெஸ்லி லாம்போர்ட் குறிப்பிட்டிருக்கிறார். அவர் டி.எல்.ஏ. பிளஸில் வகுத்த வழி வேறு: நிலை என்பது ஒரு கணத்தில் எல்லா மாறிகளின் மதிப்புகள்; தொடக்க நிலை எது, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எப்படிப் போகலாம் என்ற இரண்டையும் சாதாரணக் கணிதத்தில் எழுது, காலத் தருக்கத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்து.

வங்கிக் கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுப்பதை இருப்பு' = இருப்பு − 500 என்று எழுதினால், மேற்குறி போட்டது அடுத்த நிலையின் மதிப்பு. இது கட்டளை அல்ல, சமன்பாடு. நிரல் எழுதிப் பழகியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு மாறியைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால், அது பழைய மதிப்பிலேயே இருக்கும் என்று பொருள் இல்லை. எந்த மதிப்பையும் எடுக்கலாம் என்றே பொருள். எனவே மாறாதவற்றை மாறவில்லை என்று எழுதியாக வேண்டும். மறந்தால், அமைப்பு அடையக்கூடிய நிலைகளை எல்லாம் தேடிப் பார்க்கும் டி.எல்.சி. (TLC) என்ற சோதிப்பான், அடுத்த நிலை முழுமையாக வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

நிரல் மொழிகளில் உள்ளதுபோல் மாறிகளுக்கு எண், எழுத்து என்ற வகை கிடையாது என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு. இருப்பு ஒரு முழு எண் என்பது, எல்லா நிலைகளிலும் மெய்யாக இருக்க வேண்டிய இன்னொரு கூற்று மட்டுமே. இப்படி அமைப்பை விவரித்து எழுதும் விவரிப்பு மொழிக்கு வகை தேவையா என்று 1999இல் கணினி அறிஞர் லாரன்ஸ் பால்சனுடன் சேர்ந்து லாம்போர்ட் ஒரு கட்டுரையே வெளியிட்டார்.

எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் ஆழமான முடிவு, எதுவுமே மாறாத படியையும் அனுமதித்தது. மணி மட்டும் காட்டும் கடிகாரத்தின் விவரிப்பை, மணியும் நிமிடமும் காட்டும் கடிகாரம் நிறைவேற்றுகிறதா? நிமிடம் மட்டும் நகரும்போது மணி அப்படியே இருக்கிறது. எதுவும் மாறாத படியும் ஏற்கப்படும் என்பதால் விடை ஆம். மேலோட்டமான வடிவமைப்பையும் அதன் நுணுக்கமான வடிவத்தையும் ஒரே தருக்கத்தில் ஒப்பிட முடிவது இதனால்தான். இதற்கு ஒரு விலை உண்டு. அமைப்பு எதையும் செய்யாமல் காலமெல்லாம் சும்மா நிற்பதும் அனுமதிக்கப்பட்டதாகிவிடும். கோரிக்கைக்கு என்றாவது பதில் வரும் என்று சோதிக்க வேண்டுமானால், நடக்க முடிகிற செயல் நடந்தே தீரும் என்ற நியாய நிபந்தனையைத் தனியே சேர்க்க வேண்டும்.

சேவையகம் இரண்டோ மூன்றோ, கோரிக்கை இரண்டு என்று சிறிதாகவே தொடங்குங்கள். எண்ணிக்கை கூடினால் நிலைகள் பெருகி டி.எல்.சி. திணறும். பிழை எதுவும் இல்லை என்று விடை வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஏதோ ஒரு நிபந்தனை தவறாகி, முக்கியமான செயல் ஒருமுறைகூட நடக்காமலே போயிருக்கலாம். வேண்டுமென்றே ஒரு பொய்க் கூற்றை, உதாரணமாகப் பணம் ஒருபோதும் எடுக்கப்படாது என்று, கொடுத்துப் பாருங்கள். அதை மறுக்கும் தடத்தை, அதாவது அங்கே கொண்டுசெல்லும் நிலைகளின் வரிசையை, டி.எல்.சி. காட்டாவிட்டால் விவரிப்பில்தான் கோளாறு. நிரல் போலவே தோன்றும் பிளஸ்கால் (PlusCal) என்ற டி.எல்.ஏ. பிளஸ் வடிவில் எழுதுவோர், வரிகளுக்கு முன் இடும் பெயர்களான லேபிள்களைக் கவனிக்க வேண்டும். இரண்டு லேபிள்களுக்கு இடையே உள்ளவை ஒரே படியாகக் கருதப்படும். இருப்பைப் படிப்பதும் திருப்பி எழுதுவதும் ஒரே லேபிளுக்குள் இருந்தால், இடையில் இன்னொருவர் பணம் எடுப்பதால் வரும், நாம் தேடிவந்த பிழையே மறைந்துவிடும்.

அமேசான் பொறியாளர்கள் 2011 முதல் டி.எல்.ஏ. பிளஸைப் பயன்படுத்துகிறார்கள். அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோடிபியின் வடிவமைப்பில், தரவு தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழையை டி.எல்.சி. கண்டுபிடித்தது. அதை வெளிக்கொணரும் மிகக் குறுகிய தடமே 35 படிகள். வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, விரிவான சோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்த பிழை அது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூத்த பொறியாளர் வரை இரண்டு, மூன்று வாரங்களில் கற்றுப் பயன்பெற்றதாகவும் அவர்கள் 2015இல் எழுதினார்கள். ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியது என்ற கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

சோதிக்கப்படுவது வடிவமைப்புதான், நிரல் அல்ல. விவரிப்பு சரியாக இருந்து நிரலில் தவறு செய்தால் டி.எல்.சி. அதைப் பார்க்காது, அங்கே வழக்கமான சோதனைகள் தேவைதான். கருவிகள் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி ஆசிரியர்கள், இரண்டு பேர் ஒரே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் சிறு பயிற்சியை ஆய்வக வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் வடிவமைப்புத் துறை வாசகர்கள்,
கோயம்புத்தூர்