நிமிடக் கணக்கைக் காட்டுங்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பில் தொலைக்காட்சி, வானொலி நிலையங்களில் தமிழ்ச் செய்திப் பிரிவுகளை நடத்துகிற ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இவன் யாருடைய ஆள் என்றுதான் முதலில் கேட்பீர்கள், அது தெரியாமல் நம் ஊரில் யாரும் யாருடைய கடிதத்தையும் படிப்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு தொழிற்சங்கத்துக்குக் காலமெல்லாம் சந்தா கட்டியவர். சித்தப்பா அதற்கு எதிர்ச் சங்கம். கடைசியாக நடந்த தேர்தல்களில் அவர்கள் இருவரும் சொன்ன ஆட்களுக்கு நான் வாக்குப் போடவில்லை. போதுமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று. மூன்றையும் நாங்கள் உங்கள் மூலமாகத்தான் பார்த்தோம். இங்கே நிறைய வீடுகளில் டிஷ் இருக்கிறது, அதில் இந்திய நாடகம் ஓடும், ஆனால் செய்தி நேரம் வந்தால் நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைக்கு மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் சம்பளம், காணி, வீடு, மண்சரிந்து எந்தப் பாதை மூடிக்கிடக்கிறது என்பதெல்லாம் சென்னையிலிருந்து வராது. விடியற்காலையில் எழுந்து பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார்கள். ஆகவே அந்த இரவுச் செய்தியில் நீங்கள் எதைக் காட்டுகிறீர்களோ அதுதான் பலருக்குத் தேர்தல். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிடும் வசதி உங்களுக்கு உண்டு, எங்கள் அம்மாவுக்கு இல்லை.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று சொல்ல வரவில்லை. நடந்தது வேறு. ஒரே நாளில் இரண்டு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு மேலே ட்ரோன் பறக்கும், தலைவர் தன் சொந்தக் குரலில் நின்று நிதானமாகப் பேசுவார், இடையில் கைதட்டல், கடைசியில் பொன்னாடை. இரண்டாவது கூட்டம் வருவதற்குள் ஒரு விளம்பர இடைவேளை முடிந்திருக்கும், தலைவரின் வாய் அசையும், சத்தம் வராது, அதன் மேல் செய்தி வாசிப்பவர் நாலு வரி படித்துவிட்டுப் போவார், கமராவும் எங்கேயோ பின்வரிசையில் காலி நாற்காலிகளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கும். இரண்டு செய்தியும் உண்மைதான், ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அலைவரிசையை மாற்றினால் அங்கேயும் அதே இரண்டு கூட்டம், ட்ரோன் மட்டும் இடம் மாறியிருக்கும்.

அப்புறம் பதில் சொல்லும் வாய்ப்பு. உங்களுக்கு வேண்டியவர் மீது குற்றச்சாட்டு வந்தால் அதே செய்தியிலேயே அவருடைய பதிலும் வந்துவிடுகிறது, வேண்டாதவர் மீது வந்தால் பதில் மறுநாள், சில நேரம் வருவதே இல்லை. வாக்களிப்புக்கு முந்தின வாரத்தில் மறுநாள் என்றால் எவ்வளவு தாமதம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரசாரம் முடிந்து அமைதிக் காலம் தொடங்கினால் ஓயும் என்று பார்த்தால், கோயிலில் வழிபட்டார், விகாரையில் ஆசி பெற்றார் என்று அதே முகம் திரும்ப வருகிறது.

சம்பள விஷயத்தை எடுத்துக்கொள்வோம், எங்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் வைத்து அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. பிறகு செப்டம்பரில், வாக்களிப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, 1,350 ரூபா, கூடுதலாகப் பறிக்கும் கிலோவுக்கு 50 ரூபா என்று முடிந்தது. அன்றைய அரசாங்கத்துக்கு நெருக்கமாக எனக்குத் தெரிந்த செய்திகளில் மே மாதம் வெடி, மாலை, பால்சோறு, தடை வந்த அன்று ஓரிரு வரி, அப்புறம் செப்டம்பரில் திரும்பவும் மாலை. எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கமான செய்திகளில் ஏமாற்றம், ஏமாற்றம் என்று ஒரே பாட்டு, ஆனால் உங்கள் வேட்பாளர் வந்தால் எவ்வளவு கொடுப்பார், கம்பனியிடமிருந்து அதை எப்படி வாங்குவார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்ட ஒரு நிருபரை நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் மலைக்கு வந்து கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் பிடித்தார்கள். அவர்களிடம் கேட்க எத்தனை விஷயம் இருந்தது! உங்கள் தோட்டத்தில் எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர் (முழு நாட்சம்பளம்), அதற்குக் குறைந்தால் அரைப் பேரா, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள், 1,350 என்று அறிவித்த பிறகு கையில் வந்தது எவ்வளவு. இதில் எதுவும் கேட்கவில்லை. கூடையோடு சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள், அதன் மேல் தலைவரின் குரல் ஓடியது.

என்னைப் பொறுத்தவரை பெரிய பக்கச்சார்பு இதுதான். ஒரு கட்சிக்கு ஐந்து நிமிடம் கூடிப்போனதை எதிர்க்கட்சிக்காரர் பார்த்துக்கொள்வார், அவருக்குக் கத்தத் தெரியும். எல்லாக் கட்சிக்கும் எங்களைப் பின்னணிப் படமாக வாடகைக்குக் கொடுக்கிறீர்களே, அதற்கு எந்தக் கட்சியும் முறைப்பாடு செய்யாது.

இதைச் சொன்னால் நீங்கள் என்ன பதில் வைத்திருப்பீர்கள் என்றும் தெரியும். ‘இரண்டு பக்கமும் எங்களைத் திட்டுகிறது, அப்படியானால் நாங்கள் நடுவில் இருக்கிறோம்.’ இது எல்லா நாட்டுச் செய்தியறைகளிலும் சொல்கிற பதில். திட்டுவது உண்மைதான், எங்கள் வீட்டிலேயே ஒரே செய்தியைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு காரணத்துக்கும் சித்தப்பா அதற்கு நேர் எதிரான காரணத்துக்கும் உங்களைத் திட்டுவார்கள். 1985 இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 1982 இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளருக்கும் அரபு ஆதரவாளருக்கும் போட்டுக் காட்டினால், இரண்டு பேரும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். நல்லது. இதிலிருந்து தெரிவது பார்க்கிறவனின் கோபத்தை வைத்துச் சாய்வை அளக்க முடியாது என்பது மட்டும்தான். செய்தி நேராக இருந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. சித்தப்பாவின் கோபம் அளவுகோல் இல்லை என்றால் உங்கள் மனச்சாட்சியும் அளவுகோல் இல்லை. கடிகாரத்தை வைத்து அளப்போம்.

மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் சண்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், பெண்கள் தராசின் முள்ளைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். கணக்கப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கு வராது, முள்ளைக் காட்டு, அவ்வளவுதான். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். தேர்தல் காலத்தில் வாரம் ஒருமுறை, எந்த வேட்பாளர் எத்தனை நிமிடம் தன் குரலில் பேசினார், எத்தனை நிமிடம் சத்தமில்லாமல் வாய் அசைத்தார், எந்தக் கட்சியின் செய்தி முதல் இடைவேளைக்கு முன்னால் வந்தது, வேட்பாளர் அல்லாத சாதாரண வாக்காளர் எத்தனை நிமிடம் பேசினார் என்று உங்கள் அலைவரிசையிலேயே போட்டுக் காட்டுங்கள். பெரிய விஞ்ஞானம் இல்லை. பிரான்சில் அரசியல்வாதிகள் பேசுகிற நேரத்தை நிலையங்கள் கணக்கெடுத்து ஒழுங்குபடுத்தும் சபைக்குக் கொடுத்தாக வேண்டும், ஜனாதிபதித் தேர்தலின் கடைசிக் கட்டத்தில் வேட்பாளர்கள் எல்லோருக்கும் சம நேரம். அங்கேயும் சண்டை நிற்கவில்லை, ஆனால் கையில் எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

தனியார் நிலையம், எங்கள் இஷ்டம் என்பீர்கள். பத்திரிகை என்றால் ஏதோ சரி, காகிதம் உங்களுடையது. காற்று உங்களுடையது இல்லையே. ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலம் பற்றி 1997 இல் வந்த வழக்கில் உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து, அளவான சொத்து, அரசாங்கமே அதை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற அடிப்படையில்தான் பேசியது. 2,524 மீற்றர் உயரத்தில், இந்த நாட்டின் ஆக உயர்ந்த இடமான பீதுருதலாகல மலையுச்சியில்தான் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. எங்கள் தலைக்கு மேலே நின்று ஒளிபரப்பிவிட்டு, எங்களைப் பற்றிய செய்தியைக் கொழும்பில் இருக்கிற கட்சி அலுவலகத்தின் அறிக்கையைப் பார்த்து எழுதினால் எப்படி?

அரச ஊடகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆட்சி மாறினால் உங்கள் தலைவர்கள் மாறுகிறார்கள், கூடவே செய்தியின் வரிசையும் மாறுகிறது, செலவு மட்டும் எப்போதும் மக்கள் பணம். 2001 இல் வந்த 17 ஆவது திருத்தத்திலேயே தேர்தல்கள் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டல் கொடுக்கலாம் என்றும், அரச ஒலிபரப்பு, ரூபவாஹினிக் கூட்டுத்தாபனங்கள் அதை மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை உள்ளே அனுப்பலாம் என்றும் எழுதினார்கள். எழுதியது இருக்கிறது. ஆணைக்குழுவினரே, இதை நீங்களும் படிப்பீர்களானால் கேட்கிறேன், வழிகாட்டலை வர்த்தமானியில் போட்டால் மட்டும் போதாது, அதை மீறியது யார், எத்தனை தடவை, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதைத் தமிழிலும் வெளியிடுங்கள். முடியாது என்றால் 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, விண்ணப்பம் எழுத இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு வேட்பாளர் போஸ்டருக்கும் மேடைக்கும் விளம்பரத்துக்கும் கணக்குக் காட்டவேண்டும். ஒரு வேட்பாளரின் நாள் முழுதான பயணம், இசை சேர்த்து, பாராட்டுச் சேர்த்து, செய்தி நேரத்தில் நீளமாக ஓடினால் அது எந்தக் கணக்கில் வரும்? அதை அவருடைய ஆட்கள் எடுத்துக் கொடுத்த காணொளி என்றால் திரையில் அப்படியே போடுங்கள். ஒரு சின்ன வரி போதும்.

இன்னொன்று, மலையகம் என்றால் உங்களுக்கு ஹட்டன், நுவரெலியா, அதிகம் போனால் பதுளை. தெனியாயவிலும் இறக்குவானையிலும் யட்டியாந்தோட்டையிலும் றத்தோட்டையிலும் தமிழ் வாக்காளர் இருப்பது எண்ணும் இரவில்தான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், மாத்தறையிலிருந்து சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்று மலையகப் பெண்கள் மூன்று பேர் பாராளுமன்றம் போனார்கள். முடிவு வந்தபிறகு ‘வரலாறு’ என்று கொண்டாடினீர்கள். அதற்கு முந்தின வாரங்களில் அவர்கள் யார், எந்தத் தோட்டத்தில் என்ன பேசினார்கள் என்று நான் பார்த்த செய்திகளில் தேடினாலும் கிடைக்காது, அப்போது திரை முழுக்கப் பழைய தலைவர்கள்தான். (நான் அவர்களுடைய தேசிய மக்கள் சக்தி என்று நினைக்காதீர்கள், அவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு அதே திரையில் அதே மாதிரி அவர்கள் நிறைந்திருப்பதையும் பார்க்கிறேன்.)

செப்டம்பர் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்கு நாடு முழுக்க 300,300. நவம்பரில் 667,240. ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடலாம், பாராளுமன்றத் தேர்தலுக்குக் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு விருப்பமான வேட்பாளரின் இலக்கத்தைத் தனியாக அடையாளமிட வேண்டும், இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை என்றால் படித்தவருக்கே குழம்பும். ஒவ்வொரு இரவும் ஒரு நிமிடம், மாதிரி வாக்குச்சீட்டைத் திரையில் வைத்து, தோட்டத்துப் பேச்சில் விளக்கியிருக்கலாமே. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கேட்டு வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஓ.எல். படிக்கும் பிள்ளைதான் சொல்லிக்கொடுத்தாள். 1948 இல் குடியுரிமையும் அடுத்த வருடம் வாக்குரிமையும் பறிபோய், எல்லோருக்கும் முழுசாகத் திரும்பிவர 2003 வரை காத்திருந்த சனத்தின் வாக்கு. அது செல்லுபடியாகாமல் போவதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

மத்திய மாகாண சபைக்கு 2013 இலும் ஊவா மாகாண சபைக்கு 2014 இலும் கடைசியாக வாக்களித்தோம். அந்தத் தேர்தலை எப்போது வைத்தாலும் நீங்கள் மறுபடி ட்ரோனோடு மேலே வருவீர்கள். இந்தமுறை நாங்கள் சிலர் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு அலைவரிசை, இரவுச் செய்தியைக் கைத்தொலைபேசியில் பதிந்து, யாருக்கு எத்தனை நிமிடம் என்று கொப்பியில் எழுதி, வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து, ஒரு பிரதி உங்களுக்கும் ஒரு பிரதி ஆணைக்குழுவுக்கும் அனுப்புவோம். எங்கள் எண்ணிக்கை பிழை என்றால் உங்களிடம் முழுப் பதிவும் இருக்கிறது, உங்கள் கணக்கைப் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்திலிருந்து உங்கள் பார்வையாளர் ஒருவர்