சரவணா, அந்தப் பவுடர் டின்னைப் பற்றி

சரவணா,

நீ அனுப்பிய புரதப் பவுடர் டின் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ராஜம்மா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி "மகன் ஜொகூர்லேர்ந்து அனுப்பியிருக்கான்" என்று பெருமை பேசினாள். நான்தான் திறக்க விடவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பசியாறிவிட்டுப் பொறுமையாகப் படி.

அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது கிளினிக்கில் சிறுநீர் சோதித்துப் பார்த்து ஆல்புமின் கசிகிறது, சிறுநீரகம் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆல்புமினும் புரதம்தான். கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது, ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. அது நிறையக் கசிந்து போனால் தண்ணீர் சதைக்குள் இறங்கிக் கால் வீங்கும், அம்மாவுக்கு இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன, அவை நன்றாக இருக்கும்வரை ஆல்புமின் வெளியே போகாது. சர்க்கரை ஏறிய ரத்தம் வருடக்கணக்காக ஓடி வடிகட்டி பழுதானால்தான் இப்படி நழுவ ஆரம்பிக்கும்.

"புரதம்தானே போகிறது, நிறையச் சாப்பிட்டு ஈடு கட்டலாமே" என்று நீ நினைத்திருப்பாய். நியாயமான யோசனைதான், ஆனால் உடம்பு அப்படி நடப்பதில்லை. புரதம் கூடக்கூட வடிகட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது, செரித்த பிறகு மிஞ்சுகிற யூரியாவையும் அதே சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். புதுப் பட்டை தேறுவதற்கு முன்னே அதே ரப்பர் மரத்தில் கத்தி போடுகிற கதை, நம் தோட்டத்தில் வளர்ந்த உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு போட்டுப் பார். அவள் நிலையில் உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்கிறார்கள். அம்மா 58 கிலோ, ஆக நாளுக்கு 46 கிராம் சொச்சம். ஒரு முட்டையில் 6 கிராம், கைப்பிடி அளவு மீன் துண்டில் 20 கிராம் வந்துவிடும், அப்புறம் பருப்பு, சோறு, தோசை (சோற்றிலும் உண்டு, யாரும் கணக்கில் வைப்பதில்லை). உன் டின்னில் இருக்கிற கரண்டியில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தால் அன்றைய கணக்கு முடிந்தது, சாப்பாடே வேண்டாம்.

இதில் குழப்பம் என்னவென்றால், பின்வீட்டு முனியாண்டி அண்ணனுக்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். அவர் டயாலிசிஸ் போகிறவர். அந்த எந்திரத்தில் கழிவோடு சேர்ந்து அமினோ அமிலங்களும் (புரதம் உடைந்தால் வருகிற துண்டுகள்) போய்விடும், அதனால் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பிட வேண்டும், முட்டை வெள்ளைக்கருவை அவர் மருந்து மாதிரி விழுங்குகிறார். அவர் மனைவி வந்து அம்மாவிடம் "நீயும் சாப்பிடு, எங்க வீட்ல டாக்டரே சொன்னார்" என்கிறாள். டாக்டர் சொன்னது உண்மைதான், அவருக்குச் சொன்னார். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர், இந்தியர்களிடம் அதைவிட அதிகம். அதனால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வைத்தியம், வாசலுக்கு வாசல் ஒரு டாக்டர்.

உன் சித்தி இப்போது கொலாஜன் தண்ணீர் விற்கிறாள், பாக்கெட் பாக்கெட்டாக, மூட்டு வலிக்கும் முகப் பளபளப்புக்கும் நல்லதாம். அவளிடம் ஒன்று கேட்டேன்: அம்மா போட்டுக்கொள்கிற இன்சுலினும் புரதம், 51 அமினோ அமிலம் கோத்த சின்னப் புரதம், 1922இல் டொரொண்டோவில் முதல் பையனுக்கு ஊசியில்தான் போட்டார்கள், இன்றுவரை பெரும்பாலும் ஊசிதான். ஏன்? வாயில் போட்டால் வயிறும் குடலும் அதைப் பருப்பு மாதிரியே செரித்துவிடும். அவள் விற்கிற கொலாஜனும் புரதம்தான், அதே வயிற்றுக்குத்தானே போகிறது, முழுசாக மூட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பதில் இல்லை, கோபம்தான் வந்தது.

நான் புரதத்துக்கு எதிரி இல்லை. டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று குவாஷியோர்கர், புரதம் போதாமல் பிள்ளை வீங்கி, முடி செம்பட்டையாகிப் போகிற நோய். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) அதை விவரித்து எழுதிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அப்புறம் நம் பக்கம்தான் வந்தார். 1939இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புப் பால் டின் விற்கிறவர்களைக் கொலைகாரர்கள் என்கிற அளவுக்குப் பேசினார். தோட்டத்து லயத்தில் அந்தப் பால் டின்னைத் தண்ணீராகக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது பிரச்சினை பற்றாக்குறை. உன் வயதுக்காரர்களுக்கு அது இல்லை. நீ எடை தூக்குகிறவன், கிலோவுக்கு 1.6 கிராம் வரை சாப்பிட்டால் பலன் இருக்கிறது, அதற்கு மேல் போவது பெரும்பாலும் பணத்துக்குத்தான் கேடு. நெத்திலி, முட்டை, தெம்பே எல்லாம் அங்கேயும் கிடைக்கும், டின்னைவிட மலிவு. அம்மா வழியில் உனக்கும் இனிப்பு நீர் வரலாம், வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிடு.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் ஆல்புமின் கசிவைக் குறைப்பது பவுடர் இல்லை, அந்தப் பெரிண்டோப்ரில் மாத்திரை. ஏ.சி.இ. என்று ஒரு நொதி, அதுவும் புரதம்தான், அதைத் தடுத்து வடிகட்டியின் அழுத்தத்தை இறக்குகிறது. அதைப் போட்டால் வறட்டு இருமல் வருகிறதென்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பிடுகிறாள், மிச்சத்தைப் பாயசக் கிண்ணத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள், எடுத்தேன். இருமல் அந்த மாத்திரையால் வருவது சகஜம், கிளினிக்கில் சொன்னால் லொசார்டான் மாதிரி வேறு கொடுப்பார்கள். நான் சொன்னால் "நீங்க டிரஸ்ஸர் வேலையை விட்டு எவ்ளோ காலமாச்சு" என்கிறாள். நீ ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது முதலில் இதைக் கேள், அவளைப் பேச்சை மாற்ற விடாதே.

அடுத்த தடவை ஏதாவது வாங்க வேண்டுமென்று தோன்றினால் இனிப்பு நீர்க்காரர்கள் போடுகிற மெத்துச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா. சைஸ் 6, பின்பக்கம் வார் வைத்தது.

அப்பா
சுங்கை சிப்புட்