உன் பேர் தெரிந்த சபை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் செம்மணல் தேரிப் பக்கம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்கள்.

போன வாரம் நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ஆராதனையை வீட்டிலிருந்தே பார்த்துக்கிறேம்மா. பெங்களூர் டிராஃபிக்கில் போய் வர அரை நாள் ஆகுது. போனாலும் யாரும் பேசுறதில்லை. பிரசங்கம் போனில்தான் நல்லா இருக்கு" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் பேச்சு வளர்ந்து சண்டையில் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன், நிதானமாக வாசி.

நல்ல பிரசங்கம் கேள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சபைக்குப் போகிறது பிரசங்கத்துக்காக மட்டும் என்று நீ எப்போது நினைக்க ஆரம்பித்தாய்? ரோமர் பதினாறாம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசி. குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் உன் முறைக்கு வந்தால், பேர்கள் வாயில் நுழையவில்லை என்று ஓட்டமாக ஓட்டிவிடுவாய். பவுல் அதை எழுதும்போது ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் வீட்டில் சபை கூடுகிறது, யார் மிகவும் பிரயாசப்பட்டாள் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் பற்றி, என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார். ரூபுவின் அம்மாவைப் பற்றி எழுதும்போது, "எனக்கும் தாயாகிய அவனுடைய தாய்" என்கிறார். அந்த அம்மா அவருக்கு என்ன செய்தார்களோ, வேதத்தில் இல்லை. சோறு போட்டிருக்கலாம், காய்ச்சலில் பக்கத்தில் இருந்திருக்கலாம். பிறந்த ஊரை விட்டு அலைந்த மனுஷனுக்கு ஒரு சபையில் அம்மா கிடைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வசனம் போதும் மகளே. பெங்களூரில் உனக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

நம்ம திருநெல்வேலிச் சபையும் பேர்ப் பட்டியலில்தான் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் 1780ல் எழுதின பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். குளோரிந்தா அம்மாள் அதில் ஒருவர்; பிராமண விதவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். அப்புறம் விசுவாசத்துக்காக ஊரில் இருக்கமுடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799ல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டானது. 1830ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் ஆரம்பித்ததும் இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றத்தான். நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் எத்தனையோ, போக இடமில்லாதவர்கள் சேர்ந்து வாழ ஏற்பட்டவை. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி என்று ஆபீஸில் பெருமையாகப் படம் காட்டுவாயே, அந்தக் கோபுரம் எழும்புகிறதுக்கு முன்னாலேயே அந்த இடத்தில் ஜனங்கள் இருந்தார்கள். அந்தக் கோயிலைக் கட்டின ஜான் தாமஸ் ஐயர் முதலில் வந்தது அவர்களுக்காகத்தான்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. முந்தின நாள் ராத்திரி ஆண்கள் காய்கறி வெட்ட உட்காருவார்கள். வீட்டில் வெங்காயம்கூட உரிக்காத ஆள் அன்றைக்குக் கண்ணீரோடு கூடை கூடையாக உரிப்பார். வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியும் பணக்காரர் கொடுத்த மூட்டையும் ஒரே வட்டாவில் வேகும். பெரிய டாக்டரும் பனையேறுகிற தாத்தாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தப் பந்தி சும்மா வந்துவிடவில்லை. தமிழ்நாட்டுச் சபைகளில் கோயிலுக்குள்ளேயே சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்தது. பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை அனுப்பி, சபைக்குள் சாதியை அடியோடு விடவேண்டும் என்றார். அதற்காகச் சபையை விட்டுப் போனவர்களும் உண்டு. இன்றைக்கும் கல்யாணப் பேச்சு, தேர்தல் என்று வந்தால் பழைய கோடு தலைகாட்டுகிறது. எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பந்தியை நான் விடமாட்டேன்.

சபைத் தேர்தல் சண்டையையும் கேஸையும் பார்த்து வெறுத்துப்போனது என்றும் சொன்னாய். நியாயம்தான். ஆனால் கொரிந்துச் சபையில் என்ன நடந்தது? சகோதரனோடே சகோதரன் வழக்காடுகிறான் என்று பவுல் வேதனைப்படுகிறார். திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதற்காக அவர் எல்லாரும் அவரவர் வீட்டில் தனித்தனியாக ஆராதியுங்கள் என்று முடித்துவிடவில்லை. "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்றார். காத்திருக்கவேண்டும் என்றால் யார் இன்னும் வரவில்லை என்று தெரியவேண்டும் இல்லையா? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

ஆகையால் இப்படிச் செய். வாரத்துக்கு ஒரு கோயில் என்று சுற்றாதே. பக்கத்தில் இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள். பாட்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஆராதனைக்கு, ஒரே பக்கத்துப் பெஞ்சுக்குப் போ. இரண்டு மூன்று மாசத்தில் பக்கத்தில் உட்காருகிற அம்மா நீ வராத வாரத்தைக் கவனிப்பார்கள். திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது கையை மட்டும் நீட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடாதே, முகத்தைப் பார்த்துக் கொடு. ஆசீர்வாதம் முடிந்த உடனே கேப் புக் பண்ணாமல் வாசலில் கொஞ்சம் நில். யாரும் பேசவில்லை என்றாய். நீயே போய்ப் பேசு. உனக்குப் பேச வராது என்று எனக்குத் தெரியும், அதனால் ஞாயிறு பள்ளியில் வேலை கேள். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவளோடு தாய்மார் தானாக வந்து பேசுவார்கள்.

இன்னொன்று. அங்கே நம்ம ஊர்க்காரர்களைக் கண்டுபிடித்து அவர்களோடு மட்டும் கூடிக்கொண்டு நிற்காதே. தூத்துக்குடி, நாசரேத் என்று விசாரித்து, அப்புறம் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து முடிக்கும்போது, கடைசிப் பெஞ்சில் தனியாக வந்த வீட்டு வேலைக்காரப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பாள். அவளிடம் பேர் கேள். அடுத்த வாரம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

உதவி செய்கிறது உனக்குச் சுலபமாக வரும், கேட்கிறதுதான் வராது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறை போட்டுக் கஞ்சி கொண்டுவந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர்களும் தங்கள் கஷ்டத்தை என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு மட்டும் போன் பண்ணாதே, நான் வந்து சேர ஒரு ராத்திரி ஆகும். அங்கேயே ஒருவருக்குச் சொல்.

நம்ம சபைப் போதகர் ஐயரிடம் பேசிவிட்டேன். உன் ஞானஸ்நானம், திடப்படுத்தல் விவரம் எல்லாம் எழுதி, அங்குள்ள ஐயருக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றார்கள். எந்தக் கோயில் என்று நீ முடிவுபண்ணி, சேகரத்தின் பெயரும் விலாசமும் எனக்கு அனுப்பு. சேர்ந்த மாசத்திலிருந்தே சந்தா கட்டு. அங்கே அறுப்பின் பண்டிகை எப்போது என்று விசாரித்துச் சொல், அப்பாவும் நானும் அதற்கு வருகிறோம். காணிக்கைப் பொருள் ஏலத்துக்குப் பனங்கருப்பட்டி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா